மதுரைக்கு எத்தனை தடவை? – ராமநாதபுரக் கடற்கரையில் புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு

புராஸ்டேட் புற்றுநோயின் வரலாற்றை மருத்துவ நூல்கள் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதுகின்றன. பழையது கழியும், புதியது வரும். ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரைக்கு அந்த வரிசை பொருந்தவில்லை. இங்கே ஒருவருக்கு எந்தச் சிகிச்சை அமையும் என்பதை, நோயின் நிலைக்கு அடுத்தபடியாக, அவரால் மதுரைக்கு எத்தனை தடவை போய்வர முடியும் என்பதே தீர்மானித்து வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் கதிர்வீச்சு மருத்துவம் சென்னையில் வேரூன்றியது. 1934இல் அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது. 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் வந்தது. சில ஆண்டுகளில் அங்கே கோபால்ட் கருவியும் சேர்ந்தது. ராமேஸ்வரத்திலிருந்து சென்னை 550 கி.மீ.க்கு மேல், இப்போது கதிர்வீச்சு பெறப் போகும் மதுரையே சுமார் 170 கி.மீ. ராமேஸ்வரம் தீவை நிலத்தோடு இணைக்கும் பாம்பன் ரயில் பாலம் 1914இல் வந்துவிட்டாலும் சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988 அக்டோபரில்தான். அதுவரை தீவிலிருந்து நோயாளியைக் கரைசேர்க்க ரயிலை விட்டால் படகு. பழைய ரயில் பாலம் பழுதுபட்டு 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றபின், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை.

நோய் தாமதமாகத் தெரிவதற்குத் தூரம் மட்டும் காரணமில்லை. தொடக்க நிலையில் இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் அறிகுறியே இராது. சிறுநீர் கழிக்க இரவில் பலமுறை எழுந்திருப்பது, நீர் சொட்டுச் சொட்டாகப் போவது ஆகியவை அநேகமாக வயதால் புராஸ்டேட் சுரப்பி பருப்பதன் விளைவு. பனங்காடுகள் நிறைந்த இம்மாவட்டத்தில் அதற்கு ‘சூடு’ என்று பெயர். நுங்கும் பதநீரும் நெருஞ்சில் கஷாயமும் கைமருந்து. உண்மையான எச்சரிக்கை பலருக்கு இடுப்பு வலியாக வருகிறது, அதாவது நோய் எலும்புக்குப் பரவிய பிறகு. இதை அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. காலமெல்லாம் வலை இழுத்தவர் இடுப்பு வலிக்கிறது என்றால், மருத்துவரும் முதலில் வலையைத்தான் நினைப்பார்.

பரவிய நோய்க்கான சிகிச்சை 1941இல் சிகாகோவில் பிறந்தது. விரைகளை அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ கட்டி அடங்குகிறது என்று சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் காட்டினர். ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மலிவானது. ஆனால் அதிக அளவில் அது இதயத்தைப் பாதித்து உயிரைப் பறிப்பதை 1960களில் அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வு வெளிப்படுத்தியது. 1971இல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு மூளையிலிருந்து வந்து விரைகளின் சுரப்பைத் தூண்டும் கட்டளை ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்தது. அந்த வழியில் உருவாகி அச்சுரப்பை அடக்கும் லூப்ரோலைடு ஊசி 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று அது மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று, பலருக்கு ஆயுள் முழுக்க.

மேலை நாடுகளில் ஊசி வந்ததும் அறுவை ஒதுங்கியது. இந்தியாவில் ஒதுங்கவில்லை. விரை அகற்றல் சிறிய அறுவை. மாவட்ட மருத்துவமனையிலேயே முடியும். திரும்பத் திரும்ப வர வேண்டியதில்லை. ஒருநாள் கடலுக்குப் போகாவிட்டால் ஒருநாள் வருமானம் போகும் குடும்பத்தில் இது புத்திசாலித்தனமான கணக்கு. ஆனால் அதன் விலை வேறிடத்தில் கழிகிறது: தசை குறையும், எலும்பு மெலியும், திடீர் உடல் வெப்பம் வரும், ஆசை அடங்கும். ஊசியிலும் இவை உண்டு. ஊசியை நிறுத்தலாம், அறுவையைத் திருப்ப முடியாது. ‘சின்ன ஆபரேஷன்’ என்ற சொல்லுக்குள் இத்தனையும் அடக்கப்படுகிறது. உடல் வலுவே முதலாக உள்ள தொழிலில் தசைக் குறைவைப் பற்றி முன்கூட்டியே பேசாதது பெரிய குறை என்பேன்.

புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் ரத்தச் சோதனை இந்தக் கதையில் ஒரு திருப்பம். 1979இல் பிரித்தெடுக்கப்பட்ட இப்புரதத்தை அளக்கும் சோதனை 1986இல் நோயைப் பின்தொடரவும், 1994இல் கண்டறியவும் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆள் போக வேண்டாம், ரத்தம் போனால் போதும். கீழக்கரை போன்ற ஊர்களில் வளைகுடாவிலிருந்து திரும்புபவர்கள் முழு உடல் பரிசோதனையோடு இதையும் செய்துகொள்ள முடிகிறது. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்திலோ வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவையே உள்ளன. பி.எஸ்.ஏ. அதில் சேராதது சரியென்றே கருதுகிறேன். 2016இல் வெளியான பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வில், தொடக்க நிலை நோயுடன் கண்காணிப்பில் வைக்கப்பட்டவர்களிலும் அறுவை அல்லது கதிர்வீச்சு பெற்றவர்களிலும் பத்தாண்டுகளில் அந்நோயால் இறந்தவர்கள் சுமார் நூற்றுக்கு ஒருவரே. எனவே கண்டுபிடித்தவுடன் வெட்டியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் கண்காணிப்பும் பயணம்தான்: எம்.ஆர்.ஐ., திசுச் சோதனை, மறுபடி எம்.ஆர்.ஐ.

கதிர்வீச்சில் நடந்த மாற்றமே இக்கரைக்கு மிகவும் பயன்படக்கூடியது. வாரம் ஐந்து நாள் வீதம் 37 தடவை தந்த சிகிச்சையை 20 தடவையில் முடித்தாலும் பலன் குறையவில்லை என்று 2016இல் சிப் என்ற பிரிட்டன் ஆய்வு நிறுவியது. தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு ஐந்தே தடவை போதும் என்றது 2024இன் பேஸ் ஆய்வு. 2009இல் தமிழக அரசின் கலைஞர் காப்பீடும் 2012 முதல் முதலமைச்சர் காப்பீடும் சிகிச்சைச் செலவைச் சுமந்தாலும், மதுரையில் எடுக்கும் அறை வாடகையும் இழந்த கடல்நாட்களும் குடும்பத்தின் கணக்கில்தான் விழுகின்றன.

2021 ஆகஸ்டில் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கி, வலி தணிப்புச் சேவை வீட்டு வாசலுக்கு வந்தது. 2022 ஜனவரியில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மூன்று மாத ஊசியைப் போடப் புற்றுநோய் நிபுணர் தேவையில்லை. பழகிய செவிலியர் போதும். அந்த ஊசி பாம்பனிலும் தொண்டியிலும் உள்ள சுகாதார நிலையங்களின் குளிர்பெட்டியில் இருந்தால், அறுவையா ஊசியா என்பதைப் பஸ் கட்டணத்தை எண்ணிப் பார்க்காமல் நோயாளி முடிவு செய்யலாம்.