களைக் கடல்சாமந்திகள்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளில் யாரும் விடாமலே வந்து பெருகி, பவளங்களைக் கொட்டி ஒடுக்கும் சிறு கடல்சாமந்திகளின் பொதுப்பெயர். தொல்லை தருபவை முதன்மையாக இரண்டு. மீன் வளர்ப்போர் ஐப்டேசியா என்று அழைக்கும் எக்சைப்டேசியா டயாபனா ஒன்று. மஜானோ எனப்படும் அனிமோனியா மஞ்சானோ மற்றொன்று. முன்னது 2014இல்தான் இப்போதைய பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பின்னதற்கு ஸ்வீடன் நாட்டு விலங்கியலாளர் கார்ல்கிரென் 1900இல் பெயரிட்டார்.

அடையாளம்

ஐப்டேசியாவின் தண்டு டிக்காஷன் நிறத்தில், ஒளி ஊடுருவும்படி இருக்கும். உணர்கொம்புகள் மெலிந்து நீண்டு, நுனி கூராக முடியும். கையின் நிழல் பட்டாலே கல் இடுக்குக்குள் சுருங்கிவிடும். சீண்டினால் தண்டின் துளைகளிலிருந்தும் வாயிலிருந்தும் வெள்ளை நூல்களை வெளியே தள்ளும். அவை கொட்டும் நூல்கள். மஜானோவுக்கு இவை கிடையா. ஐப்டேசியாவின் பழுப்பு நிறம் அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளுடையது. ஆனால் வெளிச்சம் புகாத குழாய்க்குள்ளும் வெளிறிய நிறத்தோடு, கிடைத்த இரையைப் பிடித்து அது உயிர் வாழும். ஆகவே விளக்கை அணைத்து வைப்பதால் பயனில்லை. பவளம் வெளிறுவது எப்படி என்று ஆராய்வோருக்கு ஆய்வகங்களில் எளிதில் பெருகும் இந்த உயிரே கைகொடுக்கிறது. இதன் மரபணுத் தொகுதி 2015இல் வெளியிடப்பட்டது.

மஜானோ குட்டையானது, பச்சை அல்லது இளஞ்சிவப்புச் சாயலோடு, உணர்கொம்பு நுனி சற்றே உப்பியிருக்கும். கோமாளி மீனுக்கு வீடாகும் குமிழ்நுனிச் சாமந்தியின் குட்டி இலவசமாக வந்துவிட்டதென்று புதியவர்கள் மகிழ்ந்துபோவது இதைப் பார்த்துத்தான். குமிழ்நுனி வகை சாண் அளவுக்கு வளரும். மஜானோ சில சென்டிமீட்டரோடு நின்று, கூட்டமாக அப்பிக்கொள்ளும். குழாய்க்குள்ளிருந்து இறகு விரிக்கும் விசிறிப் புழுவை ஐப்டேசியா என்று எண்ணிக் கொன்றுவிடுவோரும் உண்டு. அது யாருக்கும் தீங்கு செய்யாத உயிர்.

வரும் வழி

திருக்கடையூரை அடுத்த சின்னங்குடி, தரங்கம்பாடிக் கடற்கரைகள் மணற்பாங்கானவை, பவளப்பாறை கிடையாது. தமிழகத்தில் பவளத் தீவுகள் இருப்பது மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21. கற்பவளங்கள் அனைத்தும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அங்கிருந்து பவளக்கல் பெயர்த்து வருவது குற்றம். அதனால் தொட்டிக்குள் களை நுழைவது பெரும்பாலும் கடையில் வாங்கிய உயிர்க்கல் (நுண்ணுயிர்கள் பிடித்த பாறைத் துண்டு), பவளத் துண்டு, நத்தை ஓடு, நண்பர் தொட்டியிலிருந்து வந்த வடிகட்டிப் பஞ்சு ஆகியவற்றின் வழியாகவே. புதிதாக எது வந்தாலும் தனித் தொட்டியில், விளக்கும் கொஞ்சம் தீனியும் கொடுத்து, நாலு முதல் ஆறு வாரம் வைத்துப் பார்ப்பது நல்லது. பட்டினி போட்டால் ஒளிந்திருப்பது வெளியே வராது.

கடல்நீரைக் குடத்தில் மொண்டு வருவோர் ஆற்று முகத்துவாரத்தைத் தவிர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு இறங்கிவிடும். வயல் வடிகாலின் உரச்சத்தும் கூடவே வரும். சத்து மிகுந்த நீரில் சாமந்திதான் முதலில் கொழுக்கும். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கிறதா என்று இறால் பண்ணைக்காரர் கையில் உள்ள உப்புமானியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

உவர்நீரிலும் வாழும் சாமந்திகள் நம் கழிமுகங்களுக்குப் புதியவை அல்ல. 1930களில் சென்னைப் பகுதியின் உவர்நீர்ச் சாமந்திகளை விரிவாக ஆராய்ந்தவர் என். கே. பணிக்கர். பின்னாளில் அவர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார்.

பெருகும் விதம்

ஐப்டேசியா கண்ணாடியில் மெல்ல நகரும்போது அடித்தட்டின் விளிம்பிலிருந்து துணுக்குகள் பிய்ந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் பழுப்புப் புள்ளி, பிறகு அதைச் சுற்றி மயிரிழை போன்ற கொம்புகள். சில வாரங்களில் முழுச் சாமந்தி. வயலில் கோரையை இழுத்தால் தாள் கையோடு வரும், கிழங்கு மண்ணில் நின்றுவிடும்; இதுவும் அப்படியே. இடுக்கியால் பிய்ப்பதும் கத்தியால் சுரண்டுவதும்தான் தொட்டிக்காரர் செய்யும் மிக மோசமான காரியம். புயல் காலத்தில் நாள்கணக்கில் மின்சாரம் போய் மீனெல்லாம் மடிந்த தொட்டியிலும் இது மிஞ்சியிருக்கக்கூடும்.

கட்டுப்படுத்தல்

பத்துப் பதினைந்து மட்டும் இருந்தால் சுண்ணாம்பு போதும். நீற்றுச் சுண்ணாம்பைக் கொஞ்சம் ஆர்.ஓ. நீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து ஊசிக்குழலில் ஏற்ற வேண்டும். நீரோட்ட மோட்டாரை நிறுத்திவிட்டு, குழலின் முனையை மெதுவாகச் சாமந்தியின் வாயருகே கொண்டுபோய், அது சுருங்குவதற்குள் வாய்த்தட்டின் மேல் விட்டு மூடிவிட வேண்டும். கால் மணி நேரம் கழித்தே மோட்டார். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையைக் கிடுகிடுவென ஏற்றிவிடும் என்பதால், நூறு லிட்டர்த் தொட்டியில் நாளைக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்கும் திருக்கடையூரில் வெற்றிலைச் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாசனையோ நிறமோ சேர்த்த டப்பா தொட்டிக்கு ஆகாது. கண்ணில் தெறித்தால் புண்ணாகும். கண்ணாடி அணிவது நல்லது. எலுமிச்சைச் சாறும் கொதிநீரும் ஊசியில் ஏற்றப்படுவதுண்டு. குறி தப்பினால் இரண்டும் வீண்.

கல்லை வெளியே எடுத்து அடுப்பில் கொதிக்கவைக்கும் யோசனையை அறவே விட வேண்டும். அதில் சோவாந்து வகைப் பாலிப்புகள் இருந்தால் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு பரவும். வெளிநாடுகளில் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

கூட்டம் பெருகிவிட்டால் தின்னும் உயிர்களே வழி. பெப்பர்மின்ட் இறால் சின்ன ஐப்டேசியாவை இரவில் தின்னும். தீனி தாராளமாகக் கிடைத்தால் திரும்பியும் பார்க்காது. அதே பெயரில் விற்கப்படும் ஒட்டக இறால் பவளத்தையே கடிக்கும் என்பதால் வாங்கும்போது முதுகுக் கூனைக் கவனிக்க வேண்டும். நீள்மூக்கு வண்ணத்துப்பூச்சி மீன் நன்றாகத் தின்னும், ஆனால் தொட்டியில் பல மீன்கள் தீனியே எடுக்காமல் செத்துப்போகின்றன; புதியவர்களுக்கு உகந்ததல்ல. எல்லாவற்றிலும் நம்பகமானது பெர்கியா என்ற சிறு கடல் நத்தை. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் அது தின்பதில்லை. கடைசிச் சாமந்தி தீர்ந்ததும் பட்டினியில் சாகும் என்பதால், அதற்குள் இன்னொரு தொட்டிக்குக் கைமாற்றுவது வழக்கம்.

மஜானோவை இப்படித் துடைத்தெடுக்கும் உயிர் எதுவும் உறுதியாகக் கிடையாது. ஒன்றிரண்டுக்குச் சுண்ணாம்பு, கல் முழுக்க அப்பிவிட்டால் நல்ல பவளங்களை வேறு கல்லுக்கு மாற்றிவிட்டு, அந்தக் கல்லை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, சித்திரை வெயிலில் சில வாரம் காயவிட வேண்டும். திரும்ப வைத்தபின் கல்லில் நுண்ணுயிர்கள் பிடிக்க ஒரு மாதமாவது ஆகும். அதுவரை புதிய மீன் விடக்கூடாது.