'றெவலூஷன்' என்னும் சொல்லின் கதை

1660ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் திகதி இரண்டாம் சாள்ஸ் மன்னர் இலண்டன் மாநகருள் நுழைந்தார். அவருடைய தந்தையார் 1649இல் சிரச்சேதம் செய்யப்பட்டவர். இடைப்பட்ட 11 ஆண்டுகளும் இங்கிலாந்தில் முடியாட்சி இல்லை. அது மீண்டபோது, அம்மீட்சியைக் குறிக்க அக்காலத்தவர் சிலர் ஆண்ட சொல் யாது? 'றெவலூஷன்' என்பதே.

இன்று நாம் புரட்சி என்று பொருள்கொள்ளும் அச்சொல், அரசரை அகற்றியதற்கன்றி அரசர் திரும்பியதற்கு வழங்கியது நேயர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். அகற்றிய செயலை, மன்னரின் ஆலோசகரான கிளறென்டன் பிரபு, தம் வரலாற்று நூலின் பெயரிலேயே 'கலகம்' என்று குறித்துவிட்டார்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. உருண்டு மீளுதல் என்பது அதன் பொருள். அதனை வானநூலார் நெடுங்காலம் கையாண்டனர். 1543இல் வெளிவந்த கொப்பர்னிக்கஸின் நூற்பெயரிலும் அது உண்டு. கோள் புறப்பட்ட இடத்துக்கே மீளுமன்றோ? தத்துவஞானி தோமஸ் ஹொப்ஸ், ஆட்சியுரிமை தந்தையிடமிருந்து நீங்கி, அபகரித்தோர் கைகளிற் சுழன்று, மகனிடம் மீண்டதை ஒரு வட்ட இயக்கமாகவே கண்டார். வட்டத்துக்குச் சமமான சதுரம் வரைய முயன்று தோற்ற அப்பெரியாருக்கு இவ்வட்டமாயினும் கைகூடியது!

1688இல் இரண்டாம் யேம்ஸ் மன்னர் நாட்டைவிட்டு ஓடினார். அடுத்த ஆண்டு வில்லியமும் மேரியும் முடிசூடினர். இந்நிகழ்ச்சியும் அப்பெயரையே பெற்றது. பாராளுமன்றம் 1689இல் இயற்றிய உரிமைச் சட்டம், தொன்மையான உரிமைகளை மீள நிலைநாட்டுவதாகவே கூறிற்று. ஆயினும், பாராளுமன்றத்தின் இசைவின்றி மன்னர் வரி விதித்தலும் சட்டங்களை இடைநிறுத்தலும் ஆகா என்று அது வகுத்தது. பழைமைக்கு மீளுகின்றோம் என்று சொல்லியே அவர்கள் புதிய நிலையொன்றை அடைந்தனர். அவர்களை வேடதாரிகள் என்பது பொருந்தாது. முன்னோர் வழக்கு என்னும் சான்றின்றி எவ்வுரிமையையும் எளிதிற் கேட்க இயலாத காலம் அது.

1789இல் பிரான்சில் மூண்ட எழுச்சி இச்சொல்லின் போக்கையே மாற்றியது. 1792இல் முடியாட்சியை ஒழித்த பிரெஞ்சு மக்கட்பேரவையினர், அடுத்த ஆண்டு நாட்காட்டியையும் மாற்றி, குடியரசு பிறந்த நாளிலிருந்தே ஆண்டுகளை எண்ணத் தலைப்பட்டனர். மீளுதலைக் குறித்த சொல், மீளாமையைக் குறிக்கலாயிற்று. நெப்போலியன் ஆட்சியில், 1806ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பழைய நாட்காட்டி திரும்பி வந்தது. அத்திரும்புதலுக்கு 'றெவலூஷன்' என்ற பெயர் இனிப் பொருந்தாதாயிற்று.

தமிழிலே 'புரட்சி' என்பது 'புரள்' என்னும் அடியிற் பிறந்தது. அதிற் கீழ்மேலாதல் உண்டு, புறப்பட்ட இடத்துக்கு மீளுதல் இல்லை. வானநூலார் மாத்திரம், புவி ஞாயிற்றைச் சுற்றி வருவதை இன்றும் அப்பழைய சொல்லாலேயே வழங்குகின்றனர்.