கோட்டை காலியானபோது

அரசு என்றால் என்ன? கோட்டையா, கொடியா, கோப்புக் கட்டா? அமைதி நிலவும் காலத்தில் இந்தக் கேள்விக்கு ஆயிரம் விடை கூறலாம், அழகழகாகக் கூறலாம். ஆபத்து வந்து வாயிற் கதவைத் தட்டும் நாளில்தான் உண்மை விடை வெளிப்படும். அந்த விடையைத் தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை, தோழர்களே! நம் மயிலைக்கும் அடையாறுக்கும் இடையே ஓடும் ஆற்றங்கரையே போதும்.

1746ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனே சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினான். அடுத்த மாதம், அக்டோபர் 24இல், சாந்தோமுக்குத் தெற்கே அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் பெரும்படை, ஆயிரம் பேரும் இல்லாத பிரெஞ்சுப் படையின் முன் சிதறிற்று. சென்னை கம்பெனியின் கையை விட்டுப் போயிற்று. கம்பெனியின் ஆட்சி ஒழிந்ததா? ஒழியவில்லை! கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டை உடனே தலைமையிடமாயிற்று. அங்கே கணக்கு எழுதப்பட்டது, கடிதம் போயிற்று, கட்டளை பிறந்தது. 1749இல் சென்னை திரும்பக் கிடைத்தது. 1752இல் தலைமையிடமும் திரும்பி வந்தது. கோட்டை வீழ்ந்தது, கணக்கு வீழவில்லை!

ஆட்சியியல் அறிஞர்கள் இன்று இதனைப் ‘பணித் தொடர்ச்சித் திட்டம்’ என்பர். எந்தப் பணி ஒரு மணி நேரமும் நிற்கலாகாது? தலைவர் இல்லையெனில் ஆணையிடுவது யார்? கட்டடம் போனால் அலுவலகம் எங்கே? ஏடுகள் அழிந்தால் படி எங்கே? இந்நான்கு கேள்விகளுக்கும் முன்னதாகவே விடை எழுதி வைப்பது அத்திட்டம். நல்ல ஏற்பாடுதான், மறுப்பாரில்லை. ஆனால், ஐந்தாவது கேள்வி ஒன்று உண்டு. தொடர வேண்டியது எவருக்காக? கம்பெனிக்குப் போக இன்னொரு கோட்டை இருந்தது. கருப்பர் பட்டணத்தில் நெய்தவனும், சுமந்தவனும், நீர் இறைத்தவனும் எந்தக் கோட்டைக்குப் போனார்கள்?

இருநூறு ஆண்டுகள் உருண்டோடின. 1942 வந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பின்மீதும், மறுநாள் விசாகப்பட்டினத்தின்மீதும் காக்கிநாடாவின்மீதும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னையில் ஆர்தர் ஹோப் கவர்னர். எதிரிக் கப்பல்கள் வருகின்றன என்ற செய்தி கோட்டைக்குள் புகுந்தது. கலக்கமும் கூடவே புகுந்தது. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. இன்றியமையாத வேலை இல்லாதோர் நகரை விட்டு வெளியேறுமாறு மக்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் இரயிலில் இடம் பிடிக்க மக்கள் முண்டியடித்தனர். மயிலையிலும் தியாகராய நகரிலும் வீடுகள் பூட்டப்பட்டன. மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த விலங்குக் காட்சிச்சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடையுமே என்றஞ்சிக் கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றனர்!

சொந்த ஊரில் நிலமும் வீடும் உடையவர் போயினர். போக ஊரில்லாதவர்? குப்பை வாருபவரும், குடிநீர் விடுபவரும், பிணம் சுடுபவரும் போய்விட்டால் நகரம் மூன்று நாள் தாங்குமா? ‘இன்றியமையாதார்’ என்று அரசின் பட்டியலில் இடம்பெற்றவர்கள், ஊதியப் பட்டியலில் அடியில் கிடந்தவர்களே! இந்த முரண்பாட்டை எண்ணிப் பாருங்கள்.

மக்கள் வீணாகவா அஞ்சினார்கள்? கடல் கடந்து வாழ்ந்த நம்மவர் பட்ட பாடு அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. 1941 டிசம்பரில் பினாங்கின்மீது குண்டு விழுந்ததும், அங்கிருந்த ஆங்கில ஆட்சியினர் வெள்ளையரை மட்டும் கப்பலேற்றிக் கொண்டு இரவோடிரவாக மறைந்தனர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் விழித்தபோது ஊரில் அரசு இல்லை! என்ன நடந்தது? ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ இதழின் ஆசிரியர் சரவணமுத்து என்னும் ஈழத்தமிழர் முன்வந்தார். எல்லா இனத்தாரும் கூடிய குழு அமைந்தது. அவர் கோட்டைக் கொடியை இறக்கினார். ‘ஆங்கிலப் படை அகன்றுவிட்டது, இனிக் குண்டு வீச வேண்டா’ என்று வானொலியில் அறிவித்தார். சட்டப்படி அரசாக இருந்தவர்கள் ஓடினார்கள். பட்டமும் பதவியும் இல்லாதவர்கள் அரசின் வேலையைச் செய்தார்கள்.

இரங்கூனிலோ வேறு பாடம். 1941 டிசம்பர் 23இலும் 25இலும் அங்கே குண்டு விழுந்தது. துறைமுகத்தில் சுமை தூக்கியவரும் தெருவில் கழிவு அகற்றியவரும் பெரும்பாலும் இந்தியத் தொழிலாளர். உயிருக்கஞ்சி அவர்கள் வெளியேறினர், துறைமுகம் ஓய்ந்தது, தெரு நாறிற்று. அமைச்சர் இல்லாமல் நகரம் நடந்திருக்கும். அவர்கள் இல்லாமல் நடக்கவில்லை! பின்னர் இலட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் தாயகம் நோக்கி நடந்தனர். வழியிலேயே மாண்டவர் பல்லாயிரவர்.

சென்னைக்கு அஞ்சிய படையெடுப்பு வரவேயில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளை வீசிவிட்டுப் போயிற்று. அதே மாதம் பெருமழையும் வெள்ளமுமே நகரை அதிகம் வாட்டின. எதிரி கடலிலிருந்து வருவான் என்று பார்த்திருந்தோம்; அவன் ஆற்றிலிருந்து வந்தான்.

அவன் மீண்டும் வந்தான். 2015 டிசம்பர் 1இல் தாம்பரத்தில் ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டது. அடையாறு கரை புரண்டது. கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் நீரில் மிதந்தன. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. ‘விதி’ என்றனர் சிலர். ‘கிரகக் கோளாறு’ என்றனர் வேறு சிலர். மழை பொழிவது இயற்கை, ஒப்புகிறோம். எச்சரிக்கை வந்து சேராமை இயற்கையா? படகு இல்லாமை எந்தக் கிரகத்தின் குற்றம்? 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கையே அதனை மனிதர் வருவித்த பேரிடர் என்றது. சோதிடர் எவரும் அவ்வாறு சொல்லவில்லை!

அன்றும் நகரைத் தாங்கியவர் யார்? படகோடு வந்த மீனவர். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, முழங்கால் சேற்றில் நின்று, மலையெனக் குவிந்த கழிவை வாரிய தூய்மைப் பணியாளர். கதவு திறந்து இடம் கொடுத்தவை பள்ளிக் கூடங்கள். அப்போது நான் பள்ளி மாணவன். வெள்ளம் வடிந்த வீட்டு வாசலில், நனைந்த சான்றிதழ்களைத் தாள் தாளாகப் பிரித்துக் கயிற்றில் உலர்த்திய தாய்மாரைக் கண்டேன். குடும்பத்தின் ஆவணம் அழிந்தால், அந்தக் குடும்பத்துக்கு அரசே அழிந்தது போலத்தான். இழந்த ஆவணங்களுக்குப் படி தரச் சிறப்பு முகாம்கள் அம்மாதமே நடந்தன, அது பாராட்டுக்குரியது. கோட்டைக்குள் இருக்கும் ஏட்டுக்கு மட்டுமன்று, குடிசைக்குள் இருக்கும் ஏட்டுக்கும் படி வேண்டும் என்று அன்று உணர்ந்தோம்.

ஆயின் வெள்ளத்தின் பின் நடந்தது என்ன? ஆற்றங்கரை வாசிகள் பலர் நகரின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டனர். அலுவலகத்தை இடம் மாற்றினால் மேசையும் நாற்காலியும் தொலைபேசியும் கூடவே போகின்றன. மனிதரை இடம் மாற்றியபோது அவர்தம் வேலை கூடப் போயிற்றா? பிள்ளையின் பள்ளி கூடப் போயிற்றா? இன்று நான் ஆசிரியன். விடியுமுன் எழுந்து, இரண்டு பேருந்து மாறி, பழைய பள்ளியை விட மனமின்றி வருகிற மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருக்கிறான். முதல் மணியில் அவன் கண் செருகும். அவனை நான் எழுப்புவதில்லை.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஒவ்வொரு துறையும் திட்டம் வகுத்து வைக்க வேண்டுமென்கிறது. இளைஞர்களே, அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படகு எத்தனை, அதனை ஓட்டுபவர் எவர் என்று அதில் உள்ளதா? சேற்றில் இறங்குபவர்க்குக் காலணியும் கையுறையும் உரிய கூலியும் உண்டா? மாற்றப்படும் குடும்பத்தின் பிள்ளைக்கு மறுநாள் பள்ளி எது என்று எழுதியிருக்கிறதா? இல்லையெனில், எழுதும் வரை கேளுங்கள்.

கம்பெனிக்காரன் காக்க நினைத்தது கணக்கேட்டை, காத்தான். வெள்ளையன் பினாங்கில் காக்க நினைத்தது வெள்ளையனை, காத்தான். நாம் அமைத்த அரசு காக்க வேண்டியது எவரை என்பதை நாம்தாம் சொல்ல வேண்டும்; அடுத்த மழை வருமுன் சொல்ல வேண்டும்.