காபிக்காக வந்த காகம்

சிங்கப்பூரில் காகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "இது இந்த ஊர்ப் பறவையே இல்ல" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சரிதான். சாம்பல் கழுத்துக் காகம் இந்தியத் துணைக்கண்டத்தையும் அதை ஒட்டிய நிலங்களையும் சேர்ந்தது. மலாயாவின் பழைய குடி அண்டங்காக்கைதான். ஆனால், அப்படியானால் இது எப்படி இங்கே வந்தது என்ற அடுத்த கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தக் கதை காபியில் தொடங்குகிறது. 1869இல் இலங்கைக் காபித் தோட்டங்களில் இலைத்துரு நோய் பரவியது. இருபது ஆண்டுகளில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது. அங்கிருந்த வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் சிலர் மலாயாவுக்கு வந்து காபி நட்டார்கள். இங்கே புழுக்கள் இலையைத் தின்றன. புழுவைத் தின்ன 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து கிள்ளானில் விட்டார்கள். வேலைக்கு எது தேவையோ அதைக் கப்பலில் இறக்கிக்கொள்வது அந்தக் காலத் தோட்டக் கணக்கு. நம்மவர்களும் அந்தக் கணக்கில்தான் வந்தார்கள்.

காகத்தால் காபியைக் காப்பாற்ற முடியவில்லை. பிரேசில் காபி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்தது. தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. ரப்பர் மரத்துக்குக் காகம் வேண்டியதில்லை. அதை யாரும் திருப்பி அனுப்பவுமில்லை. அது சந்தைக்கும் மீன் துறைக்கும் குப்பைத்தொட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. 1940களில் சிங்கப்பூரிலும் பதிவானது. பிறகு இரண்டு ஊர்களிலும் துப்பாக்கியால் சுட்டுக் குறைக்கப் பார்த்தார்கள்.

கோப்பிக்கடை மேசையில் மிச்சச் சோற்றைக் கொத்தும் கறுப்பு மைனாவின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜாவா, பாலித் தீவுகளின் பறவை அது. 1920களில் கூண்டுப் பறவை வியாபாரத்தின் வழியாகச் சிங்கப்பூருக்கு வந்து, கூண்டுக்கு வெளியே பெருகியது. இன்று அது அடையும் மரங்களைக் கழிக்கச் சொல்லிப் புகார்கள் போகின்றன. ஜாவாவிலோ அதே கூண்டு வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்து, அது அழியும் ஆபத்திலுள்ள பறவைகளின் பட்டியலுக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள், "அப்போ காக்காவும் நம்ம ஆளுதான்" என்று சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த உவமையை அதற்குமேல் இழுக்க எனக்கு மனமில்லை. மனிதரைப் பறவையோடு சேர்த்துப் பேசத் தொடங்கினால், பறவைக்குச் செய்வதை மனிதருக்கும் செய்யலாம் என்ற இடத்தில்தான் அது போய் நிற்கும். 'பெண்டாத்தாங்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதோடு, காகம் மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. அதைக் கட்டுப்படுத்தச் சொல்பவர்களின் காரணம் பொய்யல்ல.

என் சங்கடம் வினைச்சொல்லில் இருக்கிறது. 'வந்தேறி' என்னும்போது வந்தது பறவையின் குற்றமாகிவிடுகிறது. 'கொண்டுவரப்பட்டது' என்றால், யாரால், எதற்காக என்று உடனே கேட்கத் தோன்றும். காகத்தைக் குறைக்கட்டும், மைனா அடையும் மரத்தைக் கழிக்கட்டும். அதைப் பற்றி எழுதும்போது மட்டும், 'இலங்கையிலிருந்து, காபிக்காக, தோட்ட முதலாளிகளால்' என்பதையும் விடாமல் எழுதட்டும்.