குறவஞ்சி நகையும் திரைநகையும்

விராலிமலை முருகன் கோயிலிற் சதிராடிய மகளிர் நிகழ்த்திவந்த குறவஞ்சியை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். அந்நாடக வகையில் காதலும் நகையும் வேறுவேறு மாந்தர்க்குரியன. தலைவி வேட்கையால் வருந்துவாள். நகைப்புக்கு இடமாவான் சிங்கனே.

திரைப்படம் இவ்வரம்பைப் பேணவில்லை. 'சபாஷ் மீனா'வில் (1958) சிவாஜி கணேசனே நகைக்களம் புகுந்தார். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) காதலன் முத்துராமன் முதியவர் வேடம் புனைகிறார். அது வேடமாகவே நின்றுவிடுகிறது என்பது எம் கருத்து.

டி. எஸ். பாலையாவின் நிலை வேறு. நாடக மேடையிற் பயின்று, 'சதிலீலாவதி'யில் (1936) கொடியோனாகத் தோன்றியவர் அவர். மகனாக வரும் நாகேஷ் பேய்க்கதை உரைக்க, தந்தையாகிய பாலையா கேட்கும் காட்சியைக் காண்க. அவர் நகைப்பூட்ட முயல்வதே இல்லை, மெய்யாகவே அஞ்சுகிறார். விழி மருள்கிறது, உடல் ஒடுங்குகிறது. கொட்டகையோ சிரிப்பால் அதிர்கிறது. தொல்காப்பியர் அச்சத்தையும் நகையையும் வெவ்வேறு மெய்ப்பாடுகளாக வகுத்தார். ஈண்டு நடிகன்பால் தோன்றும் அச்சமே காண்போர்பால் நகையாகின்றது. நாகேஷ் கதை சொல்லுந்தோறும் நம் கண்கள் பாலையாவையே நாடுகின்றன.