பதவியை ஒப்படைப்பதும் அமானிதமே!

 

 

பதவிக்கு வருபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றி மிம்பர்களில் அடிக்கடி பேசப்படுகிறது. பதவியிலிருந்து இறங்குபவர் எப்படி இறங்க வேண்டும், அவ்விடத்திற்கு வருபவர் இறங்கியவரை எப்படி நடத்த வேண்டும் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், நகர்மன்றத் தலைவர், மஹல்லாவின் முத்தவல்லி ஆகிய எல்லாப் பொறுப்புகளுக்கும் ஒரு முடிவு நாள் உண்டு. ஒருவர் இறங்கி மற்றவர் ஏறும் அந்த இடைவெளியில்தான் பல ஊர்களில் கணக்குகள் காணாமற்போகின்றன. பாதியில் நின்ற பணி பாதியிலேயே நின்றுவிடுகிறது. இரண்டு குடும்பங்களுக்கு இடையே மூண்ட பகை பிள்ளைகள் காலம் வரை நீள்கிறது. நம் முன்னோர்களான ஸஹாபாப் பெருமக்கள் இந்த இடைவெளியை எப்படிக் கடந்தார்கள் என்பதை வரலாற்றிலிருந்து காண்போம்.

கஅபாவின் சாவி

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. அன்று கஅபாவின் சாவி உஸ்மான் பின் தல்ஹா (ரழி) அவர்களிடம் இருந்தது. ஹிஜ்ரத்துக்கு முன்பு ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் கஅபாவினுள் நுழைய விரும்பியபோது, அதே உஸ்மான் கடுமையாக மறுத்திருந்தார் என்று வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். இப்போது ஊர் முழுவதும் நபியவர்களின் கையில். சாவியைப் பெற்றுக் கஅபாவைத் திறந்தார்கள். ஹாஜிகளுக்குத் தண்ணீர் வழங்கும் பொறுப்போடு இச்சாவியும் தம் குடும்பத்துக்கே கிடைக்க வேண்டும் என்ற விருப்பம் நபியவர்களின் உறவினர்களிடமிருந்தே வெளிப்பட்டது. ஆனால் நபி (ஸல்) அவர்கள் உஸ்மான் பின் தல்ஹாவை அழைத்து, அவரிடமே சாவியைத் திரும்பக் கொடுத்தார்கள். அமானிதங்களை அவற்றிற்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு கட்டளையிடும் அந்நிஸா அத்தியாயத்தின் 58-ஆவது வசனத்தை விரிவுரையாளர்கள் பலர் இந்நிகழ்ச்சியோடு இணைத்தே விளக்குகின்றனர். இன்றளவும் அச்சாவி ஷைபா குடும்பத்தாரிடமே இருந்து வருகிறது.

ஆட்சி மாறியது, ஆனால் சாவி வைத்திருந்தவர் மாற்றப்படவில்லை. முந்தைய ஆட்சியில் இருந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அகற்றுவது புதிதாக வந்தவருக்கு அழகல்ல என்பதை நபியவர்கள் தம் செயலால் கற்பித்தார்கள்.

திரும்பி வரும்போது கணக்கு

அஸ்து கோத்திரத்தைச் சேர்ந்த ஒருவரை ஸகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். இப்னுல் லுத்பிய்யா என அறியப்பட்ட அவர் பணி முடித்துத் திரும்பியதும், கொண்டு வந்ததில் ஒரு பகுதியை ஒப்படைத்துவிட்டு, மற்றொரு பகுதி தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். நபியவர்கள் உடனே மிம்பரில் ஏறி, அம்மனிதர் தம் பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா எனக் கேட்டு மக்களை எச்சரித்தார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள புகழ்பெற்ற செய்தியாகும். பொறுப்பில் இருந்த நாள்களில் வந்து சேர்ந்தவை எவை என்பதை, பொறுப்பு முடியும் நாளில் மக்கள் முன் சொல்லியாக வேண்டும் என்ற நெறி அன்றே வகுக்கப்பட்டுவிட்டது.

அபூபக்ர் ஸித்தீக் (ரழி) அவர்கள் ஹிஜ்ரி 13-இல் (கி.பி. 634) மரணப் படுக்கையில் இருந்தபோது, தாம் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற பின் தம் உடைமையில் எது கூடியிருக்கிறது என்று பார்த்து, அதனைத் தமக்கு அடுத்து வரும் கலீபாவிடம் அனுப்பிவிடுமாறு மகளார் ஆயிஷா (ரழி) அவர்களிடம் கூறினார்கள். கூடியிருந்தவை தோட்டத்துக்கு நீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் பிள்ளைகளைத் தூக்கிச் செல்லும் ஒரு பணியாளரும்தான். அவை வந்து சேர்ந்தபோது உமர் (ரழி) அவர்கள் அழுதுவிட்டார்கள். அபூபக்ர் தமக்குப் பின் வருபவருக்கு மிகக் கடினமான வழியை வைத்துச் சென்றிருக்கிறார் என்ற கருத்தில் பேசினார்கள்.

அந்தக் கடினமான வழியை உமர் (ரழி) அவர்கள் ஆளுநர்கள் அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். ஒருவரை ஆளுநராக அனுப்பும்போதே அவருடைய சொத்து எழுதி வைக்கப்பட்டது. மக்களின் தேவைகளுக்கு எதிரே கதவை அடைக்கக் கூடாது என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு நியமன மடல் எழுதப்பட்டு, முஹாஜிர்களும் அன்ஸாரிகளும் சாட்சிகளாக ஆக்கப்பட்டனர். திரும்பி வரும்போது எழுதி வைத்ததற்கு மேல் எதுவும் கூடியிருந்தால் விசாரணை உண்டு.

ஹிம்ஸ் நகரின் ஆளுநராக இருந்த உமைர் பின் ஸஃது (ரழி) அவர்கள் அழைக்கப்பட்டபோது, ஒரு பையும் ஒரு கிண்ணமும் ஒரு கைத்தடியும் ஏந்தியவர்களாய் மதீனாவுக்குக் கால்நடையாகவே வந்து சேர்ந்தார்கள். பொருள் எங்கே என்று கலீபா கேட்டபோது, அவ்வூரின் நல்லோரைத் திரட்டி அவர்கள் மூலம் வசூலித்து, அங்கேயே உரியவர்களுக்குச் செலவிட்டுவிட்டதாகவும், மீதம் இருந்திருந்தால் அது கலீபாவிடம் வந்திருக்கும் என்றும் விளக்கினார்கள். எவ்வாறு வந்தது, எவ்வாறு சென்றது, எவ்வளவு மீதம் என்னும் மூன்று கேள்விகளுக்கும் அந்த விளக்கத்தில் விடை இருக்கிறது.

கூஃபா தரும் பாடம்

ஹிஜ்ரி 17-இல் (கி.பி. 638) ஸஃது பின் அபீவக்காஸ் (ரழி) அவர்கள் கூஃபா நகரை உருவாக்கினார்கள். அவர்களே அதன் ஆளுநர். சில ஆண்டுகளில் அவ்வூரார் சிலர் மதீனாவுக்குப் புகார் கொண்டு சென்றனர். அவருக்குத் தொழுகையைக் கூடச் சரியாக நடத்தத் தெரியவில்லை என்னும் அளவுக்கு அப்புகார் சென்றது. சுவனத்தின் நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் ஒருவர் மீதுதான் இந்தக் குற்றச்சாட்டு!

உமர் (ரழி) அவர்கள் புகாரைப் புறக்கணிக்கவில்லை. அதனை அப்படியே நம்பிவிடவும் இல்லை. ஸஃது (ரழி) அவர்களை விசாரித்தார்கள். கூஃபாவுக்கு ஆள்களை அனுப்பி, ஒவ்வொரு பள்ளிவாசலாகச் சென்று மக்களிடம் கேட்கச் செய்தார்கள். எல்லாப் பள்ளிகளிலும் ஸஃது அவர்களைப் பற்றி நல்லதையே கூறினர். பனூஅப்ஸ் கோத்திரத்தாரின் பள்ளியில் மட்டும் ஒருவர் எழுந்து குறை கூறினார். இருப்பினும், ஊரின் அமைதி கருதிக் கலீபா மாற்றத்தைச் செய்து, அம்மார் பின் யாஸிர் (ரழி) அவர்களை அனுப்பினார்கள். மார்க்கம் கற்பிக்கவும் அவருக்குத் துணையாக நிற்கவும் அப்துல்லாஹ் பின் மஸ்ஊத் (ரழி) அவர்களும் அனுப்பப்பட்டார்கள். இவர்களை ஏன் அனுப்புகிறேன் என்பதைக் கூஃபா மக்களுக்கே கலீபா மடலாக எழுதினார்கள்.

கதை இத்துடன் முடியவில்லை. ஹிஜ்ரி 23-இல் (கி.பி. 644) குத்துண்டு கிடந்த வேளையிலும் உமர் (ரழி) அவர்கள் ஸஃது அவர்களை மறக்கவில்லை. கலீபாவைத் தேர்ந்தெடுக்கும் அறுவர் குழுவில் அவர்களைச் சேர்த்தார்கள். ஸஃதுக்கு ஆட்சி கிடைத்தால் அவர் அதற்குத் தகுதியானவரே. கிடைக்காவிட்டால் வருபவர் அவருடைய உதவியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ தாம் அவரை நீக்கவில்லை என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். பதவி போனவருடைய மானத்தைக் காப்பது, பதவியை எடுத்தவரின் கடமை என்பது இங்கே தெளிவாகிறது. அடுத்து வந்த உஸ்மான் (ரழி) அவர்கள் ஸஃது அவர்களை மீண்டும் கூஃபாவுக்கு அனுப்பினார்கள்.

உமர் (ரழி) அவர்களின் காலத்திலேயே அம்மார் (ரழி) அவர்களும் மாற்றப்பட்டிருந்தார்கள். நீக்கியது மனத்துக்கு வருத்தமாக இருந்ததா என்று கலீபா அவர்களிடமே கேட்டார்கள். நியமித்தபோது தாம் மகிழவில்லை என்றும், நீக்கியபோது வருந்தியது உண்மை என்றும் அம்மார் அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். வருத்தம் மனித இயல்பு, அது குற்றமல்ல. ஆனால் அந்த வருத்தத்தை அவர்கள் வேலைக்கு இடையூறாக ஆக்கவில்லை.

அதே கூஃபாவோடு தொடர்புடைய மற்றொரு செய்தி, ஊரார் தேர்வு செய்யும் முறைக்குச் சான்றாகும். கூஃபா, பஸரா, ஷாம் ஆகிய பகுதிகளின் மக்களுக்கு உமர் (ரழி) அவர்கள் எழுதி, அவர்களில் மிகச் சிறந்தவரை அவர்களே தேர்ந்து அனுப்பும்படி கேட்டு, அவ்வாறு வந்தவர்களையே நிலவரிப் பொறுப்பில் அமர்த்தினார்கள் என இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் தம் கிதாபுல் கராஜ் நூலில் பதிவு செய்துள்ளார்கள்.

தளபதியாக இருந்தவர் படைவீரராக

ஹிஜ்ரி 13-இல் உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசப் படைகளின் தலைமையைக் காலித் பின் வலீத் (ரழி) அவர்களிடமிருந்து அபூஉபைதா (ரழி) அவர்களுக்கு மாற்றினார்கள். மடல் வந்த நேரம் போர் நடந்துகொண்டிருந்தது. அபூஉபைதா (ரழி) அவர்கள் அந்த மடலை உடனே வெளிப்படுத்தவில்லை. காலிதின் திட்டம் நடுவில் முறிந்துவிடக் கூடாது என்பதற்காகக் காத்திருந்தார்கள். செய்தி வெளியானபோது, ஏன் முன்பே சொல்லவில்லை என்றுதான் காலித் (ரழி) கேட்டார்கள். அதன் பின்னர் தாம் தலைமை தாங்கிய அதே படையில், அபூஉபைதாவின் கீழ் நின்று போரிட்டார்கள்.

ஹிஜ்ரி 17-இல் கின்னஸ்ரீன் பகுதியின் பொறுப்பிலிருந்தும் நீக்கப்பட்டபோது, கோபத்தினாலோ மோசடியினாலோ காலிதை நீக்கவில்லை என்று உமர் (ரழி) அவர்கள் ஊர்களுக்கெல்லாம் எழுதினார்கள். ஹிஜ்ரி 21-இல் காலித் (ரழி) மரணித்தபோது, தம் வஸிய்யத்தை நிறைவேற்றும் பொறுப்பை, தம்மை நீக்கிய அதே உமரிடமே விட்டுச் சென்றார்கள்.

மூன்று நாள் தவணை

உமர் (ரழி) அவர்கள் தம் இறுதி நேரத்தில் செய்த ஏற்பாடுகளைப் பாருங்கள். அடுத்தவர் யார் என்பது அப்போது தெரியாது. எனினும் பணி தடைபட வழியின்றி, தொழுகை நடத்த ஸுஹைப் (ரழி) அவர்களை நியமித்தார்கள். தேர்வை முடிக்க மூன்று நாள் தவணை விதித்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ் ஆலோசனையில் இருக்கலாம்; ஆனால் பதவியில் அவருக்குப் பங்கில்லை என்றார்கள். தமக்குள்ள கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். அது சுமார் 86,000 எனத் தெரிந்ததும், தம் குடும்பத்தின் செல்வத்திலிருந்து அடைக்குமாறு பணித்தார்கள். முஹாஜிர்கள், அன்ஸாரிகள், நகரவாசிகள், நாட்டுப்புற அரபிகள், முஸ்லிமல்லாத குடிமக்கள் ஆகிய ஒவ்வொரு பிரிவினரையும் எப்படி நடத்த வேண்டும் என்று அடுத்து வருபவருக்கு அறிவுரை விட்டுச் சென்றார்கள். பெயர் தெரியாத ஒருவருக்காக இவ்வளவையும் ஆயத்தம் செய்தார்கள்.

நம் ஊர்களில்

அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் உள்ளாட்சிக்கு ஐந்தாண்டுக் காலத்தை நிர்ணயித்துள்ளன. எனினும் 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்திற்குப் பின், ஊரக உள்ளாட்சித் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடைபெற்றது. இடையில் மூன்றாண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்களிடமே பொறுப்பு சென்றது. ஆக, பெற்றுக்கொள்பவர் யாராயினும், ஒப்படைப்பவரின் கடமை குறைவதில்லை.

அக்கடமை என்ன? தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வரிப் பதிவேடு, ரசீதுப் புத்தகங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, கையொப்பம் பெற்று ஒப்படைக்க வேண்டும். எந்தப் பணி எவ்வளவு முடிந்தது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை எழுதித் தர வேண்டும். குடிநீர்த் தொட்டியின் மோட்டார் அறைச் சாவி ஒருவர் வீட்டில் தங்கிவிட்டால், தாகத்தோடு நிற்பவர் தோற்ற வேட்பாளர் அல்லர். வாக்கும் அரசியலும் அறியாத பச்சிளம் குழந்தைதான்.

வருபவரின் கடமை என்ன? முன்னவர் தொடங்கிய நற்பணியை, அவர் பெயர் வந்துவிடும் என்பதற்காக நிறுத்தாதிருப்பது. நேர்மையான பணியாளர்களை மாற்றாதிருப்பது. தவறு இருந்தால் முறைப்படி விசாரிப்பது, இல்லையெனில் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்வது. பொதுமக்களுக்கும் ஒரு கடமை உண்டு. கிராம சபையில் அமர்ந்து கணக்கைக் கேட்க வேண்டும். ஆதாரமின்றி டீக்கடையில் பழி பேசக் கூடாது.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வக்ஃபு சொத்தின் பத்திரங்கள், கடை வாடகைக் கணக்கு, நிகாஹ் பதிவேடு ஆகியவை எவருடைய வீட்டு அலமாரிக்கும் சொந்தமானவை அல்ல. அவை அல்லாஹ்வின் சொத்துக்கான ஆவணங்கள். பழைய நிர்வாகமும் புதிய நிர்வாகமும் சாவிக்காகக் காவல் நிலையத்தில் நிற்பதைவிட நம் சமுதாயத்துக்கு வேறு தலைகுனிவு இல்லை.

தலைமைப் பொறுப்பு ஓர் அமானிதம். உரிய முறையில் பெற்று அதன் கடமையை நிறைவேற்றியவரைத் தவிர மற்றவர்களுக்கு அது மறுமையில் இழிவும் கைசேதமுமாகும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரழி) அவர்களை எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இவ்வுலகில் எழுதிக் கொடுக்காத கணக்கை அங்கே சொல்லியாக வேண்டும். அங்கு தனி அலுவலரும் இல்லை. கால நீட்டிப்பும் இல்லை.

பொறுப்புகளைத் தூய்மையாக ஏற்று, தூய்மையாக ஒப்படைத்து, முன்னவரையும் பின்னவரையும் கண்ணியப்படுத்தும் நன்மக்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.