விரியாமு படுகொலையும் திருச்சபையின் சாட்சியும்

போர்க்காலத்தில் குடிமக்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளை வெளிப்படுத்துவது அரசியலாரின் அலுவல் என்றும், துயருற்றோருக்கு ஆறுதல் கூறுவதோடு திருச்சபையின் கடமை முடிந்துவிடுகிறது என்றும் நம்மிற் பலர் எண்ணுகின்றோம். மொசாம்பிக் நாட்டின் வரலாறு வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது.

போர்த்துகலின் ஆட்சிக்குட்பட்டிருந்த அந்நாட்டில், 1964ஆம் ஆண்டு முதல் ஃபிரெலிமோ இயக்கத்தினர் விடுதலைப் போர் நடத்திவந்தனர். 1972 டிசம்பர் 16ஆம் நாள், தேத்தே நகருக்கு அண்மையிலுள்ள விரியாமு முதலிய சிற்றூர்களுக்குள் போர்த்துகீசியப் படையினர் புகுந்து, ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி மக்களைக் கொன்றனர்; குடிசைகளில் அடைத்துத் தீயிட்டனர். கொல்லப்பட்டோர் 385 பேர் எனப் பிற்கால ஆய்வு கணக்கிட்டுள்ளது.

அப்பகுதியில் பணியாற்றிய கத்தோலிக்கக் குருமார், தப்பிவந்தோரிடம் கேட்டறிந்து, மாண்டோரின் பெயர்களைத் திரட்டி எழுதினர். அவ்வறிக்கை மறைவாக ஸ்பெயினுக்குச் சென்றது. ஆங்கிலக் குருவும் திருச்சபை வரலாற்றாசிரியருமான ஏட்ரியன் ஹேஸ்டிங்ஸ் அதனைப் பெற்று, 1973 ஜூலை 10ஆம் நாள் இலண்டன் 'டைம்ஸ்' இதழில் வெளிவரச் செய்தார். அடுத்த வாரமே போர்த்துகல் பிரதமர் கயெத்தானோ இலண்டனுக்கு வரவிருந்தார். அப்படியோர் ஊரே இல்லை என்று போர்த்துகல் தரப்பினர் மறுத்தனர். தேசப்படத்தில் காணாத ஊரை இல்லையென்று சொல்லிவிடலாம். அவ்வூராரின் பெயர்களை ஒருவர் எழுதிவைத்திருக்கையில் அம்மறுப்பு நெடுநாள் நிற்பதில்லை. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1973 டிசம்பரில் விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. 2022இல் போர்த்துகல் பிரதமர் கோஸ்டா மபூட்டோ நகரில் இக்குற்றத்திற்காக மன்னிப்புக் கோரினார். அதற்குள் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

இச்சாட்சி எளிதில் பிறந்ததன்று. 1940ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கத்தோலிக்கச் சபை போர்த்துகல் அரசிடம் சலுகைகள் பெற்றிருந்தது. ஆயர்களிற் பெரும்பாலோர் வாய்திறக்கவில்லை. சீர்திருத்தச் சபையாரும் துன்பத்துக்குத் தப்பவில்லை. பிரெஸ்பிட்டேரியன் சபைத் தலைவர் செதெகியாஸ் மங்கான்யேலா அதே 1972 டிசம்பரில் இரகசியப் போலீசாரின் காவலில் மாண்டார்.

விசாரணை கோருவது பழிவாங்குதலாகாது. ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து முறையிட்டபோது, தேவன் காயீனிடம் முதலில் கேட்டது கேள்வியே. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயரை எழுதும் போதகர், அக்குழந்தை கொல்லப்படும் நாளிலும் அப்பெயரை எழுதக் கடமைப்பட்டவர். ஊர், நாள், பெயர், கண்டவரின் சாட்சி ஆகிய இவற்றைப் பழுதறக் குறித்துவைத்துக் காப்பதும் மேய்ப்புப் பணியே என்பதை நம் இறையியல் மாணவர் உணர்வாராக.